மலைக்கு ஓடிப்போனவர்களா அவர்கள்?

ஏரி, பனி, பூ, தனிமை. இந்த நாலும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் அங்கே வேர்ட்ஸ்வொர்த்தை இழுத்து வந்துவிடுவது நம் வழக்கம். ஏற்காடு இதற்கென்றே அமைந்த இடம்போல் ஆகிவிட்டது. கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, படகு இல்லத்தில் நீண்ட வரிசை, லேடீஸ் சீட்டில் கைபேசியும் கையுமாகக் கூட்டம். ஆங்கிலக் கவிகள் இந்த மலையைக் கண்டிருந்தால் என்னென்ன பாடியிருப்பார்களோ என்று உருகுவதற்கு யாராவது ஒருவர் கிடைத்துவிடுவார்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கும் கிடைத்தது இதே பாடம்தான். தேர்வுக்கு விற்கிற கைடைப் பிரித்தால் ரொமான்டிக் கவிதையின் கூறுகள் என்று நாலைந்து வரிகள் இருக்கும்: இயற்கை வழிபாடு, கற்பனை, உணர்ச்சிப் பெருக்கு, பழமை மீது ஏக்கம். மனப்பாடம் செய்தால் மதிப்பெண். இன்னொரு பக்கம் நம் முற்போக்கு விமர்சகர்களில் ஒரு சாரார். அவர்களுக்கு ரொமான்டிசிசம் ஒரு வசைச்சொல். ஆலைப் புகையையும் பசியையும் பார்க்கச் சகிக்காமல் மலைக்கும் நிலாவுக்கும் ஓடிப்போன நடுத்தர வர்க்கத்தின் சிணுங்கல் என்பது அவர்கள் தீர்ப்பு. ரசிகர் பாராட்டாகச் சொல்வதை இவர்கள் குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். வேறுபாடு குரலில்தான்; சேதி ஒன்றே. அந்தக் கவிஞர்கள் ஊரை விட்டு ஓடியவர்கள் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இல்லை.

அவர்கள் ஓடவில்லை. ஓடியது நாம். பாட்டுகளில் பாதியை விட்டுவிட்டு ஓடினோம்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிறவர் அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று போய், அதற்குப் பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அந்த அஸ்தம்பட்டியில்தான் சேலம் மத்தியச் சிறை இருக்கிறது. 1862இல் வெள்ளையர் கட்டியது. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி, நாடு குடியரசாகிப் பதினாறே நாள் ஆகியிருந்தபோது, அந்த மதிலுக்குள் அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். மலையேறும் சுற்றுலாக்காரரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவரும் வண்டியை நிறுத்துவதில்லை. வெயிலுக்குத் தப்பித்து மேலே போய், சாயங்காலம் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பயணத் திட்டம்.

இப்போது 1798இல் வெளிவந்த ‘லிரிக்கல் பாலட்ஸ்’ தொகுப்பை எடுத்துக்கொள்வோம். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் பெயர் போடாமல் சேர்ந்து வெளியிட்ட புத்தகம். ஆங்கில ரொமான்டிக் கவிதை இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று எல்லாக் கைடும் சொல்கிறது. அதில் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய ‘தி கன்விக்ட்’ என்று ஒரு பாட்டு. மலைச்சரிவில் ஒருவன் நிற்கிறான். பொழுது சாய்கிற அழகு அவன் நெஞ்சை நிறைக்கிறது. பாட்டு அங்கே நின்றுவிடவில்லை. அவன் அந்த அழகை விட்டுத் திரும்பி, தடித்த சுவர்களுக்குள் ஒரு கைதி சங்கிலியோடு கிடக்கிற இருட்டறையைப் போய்ப் பார்க்கிறான். கைதியின் எதிரில் நின்று, வேடிக்கை பார்க்க வரவில்லை, முடிந்தால் உன்னைப் பெயர்த்து நல்ல மண்ணில் நட்டுவிடுவேன் என்கிற பொருளில் பேசுகிறான். அதே தொகுப்பில் கோல்ரிட்ஜின் ‘தி டன்ஜன்’ என்ற பாட்டும் இருக்கிறது. சிறை மனிதனைத் திருத்துவதில்லை, அழுகவைக்கிறது என்பது அதன் வழக்கு. நம் சுற்றுலாக்காரர் சிறையைக் கடந்து அந்திச் சூரியனுக்குப் போகிறார். இந்தப் பாட்டுக்காரன் அந்திச் சூரியனை விட்டுச் சிறைக்குப் போகிறான். திசையே வேறு.

அந்தத் தொகுப்பிலிருந்து நமக்குப் பாடமாக வருவது பெரும்பாலும் ‘டின்டர்ன் ஆபி’யும் கோல்ரிட்ஜின் கிழ மாலுமியும்தான். கைதிப் பாட்டை வேர்ட்ஸ்வொர்த்தே 1800ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுத்துவிட்டார் என்பது உண்மை. அதற்காக அது எழுதப்படாததாகிவிடாது.

‘டின்டர்ன் ஆபி’யை வைத்துத்தான் எதிர்த்தரப்பின் வலுவான வாதமும் வருகிறது. அதை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை. 1986இல் மார்ஜரி லெவின்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்னார்: அந்த ஆற்றங்கரையில் இரும்பு உலைகள் இருந்தன; பாழடைந்த மடாலயத்துக்குள் பிச்சைக்காரர்கள் குடியிருந்தார்கள்; வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் எழுதிய பயணப் புத்தகத்திலேயே அவர்கள் இருக்கிறார்கள்; கவிஞர் மட்டும் அவர்களைக் காணாததுபோல் நகர்ந்துவிட்டார். சரியான கேள்விதான். ஆனால் அந்த ஒற்றைப் பாட்டைத் தனியே பிய்த்து எடுத்தால்தான் இந்தக் குற்றம் நிற்கும். அதே அட்டைக்குள் முந்தின பக்கங்களைப் புரட்டினால் போரில் கணவனையும் பிள்ளைகளையும் இழந்து தெருவில் அலையும் பெண் இருக்கிறாள். பட்டப்பகலில் பெருவழியில் ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதபடி வரும் குடியானவன் இருக்கிறான்.

அந்த ஆட்டுக்காரன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஐம்பது ஆடு வைத்திருந்தவன். பிள்ளைகள் பெருகி, வறுமை வந்தபோது ஊர்த் திருச்சபை நிர்வாகத்திடம் உதவி கேட்டுப் போகிறான். உனக்குத்தான் மேய்ச்சலில் ஆடு இருக்கிறதே, நீ வசதியானவன், உனக்குக் கிடையாது என்கிறார்கள். ஓர் ஆட்டை விற்கிறான். பிறகு இன்னொன்று. கடைசிக் குட்டியோடு சாலையில் நிற்கிறான். பிள்ளைகள்மேல் இருந்த பாசமே ஆட்டோடு ஆடாகக் குறைந்துகொண்டு போனதாகச் சொல்லி அழுகிறான். உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் எது இருக்கிறது எது இல்லை என்று விசாரிக்க வரும் ஆளுக்குப் பதில் சொல்லி நின்ற எவருக்கும் இந்தப் பாட்டுக்கு உரை வேண்டியதில்லை. இதில் எங்கே இயற்கை வழிபாடு? ஆடு இருக்கிறது, மேய்ச்சல் நிலம் இருக்கிறது என்பதற்காக இதைக் கிராமியச் சித்திரம் என்று சொல்லிவிடுவதா? ஏழையை முழு ஏழையாக்கிய பிறகே கைகொடுக்கும் ஒரு நிவாரண முறையைப் பற்றிய வாக்குமூலம் இது.

இரண்டாம் பதிப்பில் சேர்ந்த ‘மைக்கேல்’ இன்னும் கூர்மையானது. மலையில் ஆடு மேய்க்கும் கிழவன். அண்ணன் மகனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் தொழில் நொடித்துப்போக, கடன் கிழவன் தலையில் விழுகிறது. பரம்பரை நிலத்தில் ஒரு துண்டை விற்க மனம் வராமல், ஒரே மகனைச் சம்பாதிக்கப் பட்டணத்துக்கு அனுப்புகிறான். மகன் அங்கே கெட்டுச் சீரழிந்து கடல் கடந்து ஓடுகிறான். அவன் வருவான் என்று தொடங்கிய ஆட்டுப்பட்டிச் சுவர் பாதியில் நிற்கிறது. கிழவனும் கிழவியும் போனபின் நிலம் அந்நியன் கைக்குப் போகிறது. வீடிருந்த இடத்தில் ஏர் ஓடுகிறது.

இந்தப் பாட்டை எழுதிய கையோடு கவிஞர் செய்த காரியம் கைடில் வராது. 1801 ஜனவரியில் புத்தகத்தை எதிர்க்கட்சித் தலைவர் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்கு அனுப்பி, கூடவே நீண்ட கடிதமும் வைத்தார். ஆலைப் பெருக்கமும் ஏழை விடுதிகளும் கஞ்சித் தொட்டிகளும் வந்தபின் எளிய குடும்பங்களில் பந்தபாசம் அற்றுப்போகிறது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருப்பதுதான் அதைக் கட்டிக்காத்தது. இதை அரசியலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். பூவைப் பார்த்து மயங்கிக் கிடந்த மனிதர் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எதற்காக மனுப் போட வேண்டும்?

‘மைக்கேல்’ பாட்டை ஏற்காட்டில் வைத்துப் படித்தால் அது ஆங்கிலேயர் பாட்டாகவே இருக்காது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் குடிகள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்கிற தமிழ்ப் பழங்குடி. காஞ்சியிலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. உச்சியில் இருக்கும் குகைக் கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் அவர்களுடைய தெய்வங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அவரை ஏற்காட்டின் தந்தை என்று எழுதுகிறார்கள். நிலத்துக்குத் தீர்வை விதிப்பவரும் தோட்டப் பயிரைக் கொண்டுவருபவரும் ஒரே ஆள் என்றால் குடியானவன் எங்கே போய் முறையிடுவது என்று கேட்பாரில்லை. சாமையும் கேழ்வரகும் விளைந்த மலையில் பிறகு எஸ்டேட்டுகள் பரவின. சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் நிழலில் காப்பிச் செடியுமாக இன்று நாம் படம் எடுக்கிற அந்தப் பச்சை, காடு தானாக வளர்த்த பச்சை அல்ல. கணக்கெழுதி வளர்த்த பச்சை. பழம் பறிக்கிற பருவத்தில் கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் நிற்கும் பெண்ணுக்கு அது காட்சியும் அல்ல. அன்றைக்கு எடை போட்டால் எத்தனை கிலோ என்பதுதான்.

வெள்ளைக்காரர் மலைவாசஸ்தலம் என்று கட்டியதெல்லாம் சமவெளியின் புழுக்கத்திலிருந்தும் காலராவிலிருந்தும் கூட்டத்திலிருந்தும் தாங்கள் தப்பிப்பதற்கு. தப்பியோடுவது என்ற அந்த மனநிலையைத்தான் நாம் ரொமான்டிக் கவிதை என்று தப்பாகப் பெயரிட்டு வைத்திருக்கிறோம். அது துரைமாரின் மனநிலை. கவிஞர்களுடையது அல்ல.

வில்லியம் பிளேக்கிடம் வருவோம். இவரை எந்த மலைக்கும் அனுப்ப முடியாது. லண்டனிலேயே பிறந்து லண்டனிலேயே செத்தவர், செப்புத் தகட்டில் படம் செதுக்கிப் பிழைத்தவர். 1794இல் வந்த இவருடைய ‘லண்டன்’ வெறும் பதினாறு வரி. தெருவும் தேம்ஸ் நதியும்கூடச் சாசனத்தில் எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்தாகிவிட்ட நகரத்தில் ஒருவன் நடக்கிறான். எதிர்ப்படும் முகமெல்லாம் சோர்வு. புகைபோக்கி துடைக்கும் பிள்ளையின் கூவல் தேவாலயத்தின் மேல் கறையாகப் படிகிறது. சிப்பாயின் பெருமூச்சு அரண்மனைச் சுவரில் இரத்தமாக இறங்குகிறது. நடுநிசியில் தெருவில் நிற்கும் இளம் பெண்ணின் சாபம் கல்யாண வீடு வரை போகிறது. பிள்ளைக்கு எதிரே தேவாலயம், சிப்பாய்க்கு எதிரே அரண்மனை. துன்பத்தைக் கண்டு இரங்குவது பழைய வழக்கம். இன்ன துன்பத்துக்கு இன்ன கட்டடம் பொறுப்பு என்று முகவரி எழுதியது பிளேக்.

இது எங்கோ நடந்த சங்கதி என்று நாம் ஒதுங்கவும் முடியாது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டே கம்பெனியின் சாசனத்தை லண்டன் நாடாளுமன்றம் இருபது ஆண்டுக்குப் புதுப்பித்தது. அதற்கடுத்த ஆண்டு பிளேக்கின் பாட்டு. தேம்ஸ் கரையில் வந்து இறங்கிய கம்பெனிச் சரக்குக்கும் அலெக்சாண்டர் ரீடு துரையும் அவர் உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் சேலம் சீமையில் நிலமளந்து தீர்வை போட்டதற்கும் அதிகாரம் பிறந்தது ஒரே காகிதத்திலிருந்து. பிளேக் சேலத்தை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. சாசனம் என்ற ஒன்று ஆற்றையும் தெருவையும் மனிதரையும் என்ன செய்யும் என்று அவர் எழுதியது, அந்தச் சாசனம் போன இடத்துக்கெல்லாம் பொருந்தும் என்கிறேன்.

நகரத்தை வெறுத்தவர்கள் என்று இவர்களைச் சொல்வதும் தப்பு. வேர்ட்ஸ்வொர்த் 1802இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின்மேல் நின்று விடிகாலை லண்டனைப் பார்த்து, உலகில் இதைவிட அழகான காட்சி உண்டா என்று எழுதியவர். பிளேக்கின் கதையோ தலைகீழ். வாழ்நாளில் ஒரே ஒருமுறை, 1800 முதல் மூன்றாண்டுகள், கடற்கரைக் கிராமமான ஃபெல்ஃபமில் போய்க் குடியிருந்தார். என்ன ஆயிற்று? தோட்டத்துக்குள் வந்த சிப்பாயோடு தகராறு. அரசரைத் திட்டினார் என்று அவன் புகார் கொடுக்க, ராஜத்துரோக வழக்கு. 1804 ஜனவரியில் சிசெஸ்டர் நீதிமன்றம் விடுவித்தது. லண்டனில் கிடைக்காத ராஜத்துரோகப் பட்டம் அவருக்குக் கிராமத்தில் கிடைத்தது. அதிகாரம் நகரத்துக்குள் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை என்பது இவர்களுக்குத் தெரியும். மலையும் வயலும் காட்டும்போதும் அங்கே விழுந்திருக்கும் அரசின் நிழலைத்தான் காட்டினார்கள்.

கீட்ஸ்? அழகே அழகு என்று இருந்தவர் அல்லவா என்பார்கள். 1820இல் அச்சான அவருடைய ‘இசபெல்லா’ காதல் கதைதான். நடுவே கதையை நிறுத்திவிட்டு, நாயகியின் அண்ணன்மார்களான வணிகர்களின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்க்கிறார். தீப்பந்த வெளிச்சத்தில் சுரங்கத்தில் வியர்த்தவர்கள், சத்தம் நிறைந்த ஆலைகளில் உழன்றவர்கள் என்று அடுக்கிக்கொண்டே வந்து, அவர்களுக்காக மூச்சடக்கிச் சுறாவின் வாய்க்கு நேரே அம்மணமாகக் குதிக்கும் சிலோன் முத்துக்குளிப்பவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபம் அது. தூத்துக்குடிக் கரையிலும் மன்னார்க் கரையிலும் நம் பரதவர் இறங்கிய கடல். இருபத்தைந்து வயதில் செத்துப்போன ஒரு பையனுக்கு அந்த மூச்சின் விலை தெரிந்திருந்தது. கார்ல் மார்க்ஸ் மூலதனத்துக்குப் பதில் கவிதை எழுதியிருந்தால் ‘இசபெல்லா’வைத்தான் எழுதியிருப்பார் என்று பெர்னார்ட் ஷா சொன்னதை வேடிக்கைப் பேச்சு என்று தள்ளலாம். அந்தப் பகுதியைப் படித்தபின் தள்ளுங்கள்.

பைரனைப் பற்றி ஒரு வரி போதும்: 1812 பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் சபையில் அவர் பேசிய முதல் பேச்சே, பின்னல் இயந்திரங்களை உடைத்த நாட்டிங்ஹாம் தொழிலாளிகளைத் தூக்கில் போடும் சட்டத்துக்கு எதிரானது.

ஷெல்லியின் விஷயம் விரிவாகச் சொல்ல வேண்டியது. 1819 ஆகஸ்ட் 16ஆம் தேதி மான்செஸ்டரின் புனித பீட்டர் மைதானத்தில் வாக்குரிமை கேட்டுச் சுமார் 60,000 பேர் கூடியிருந்தார்கள். கைத்தறி நெசவாளிகள் அதில் ஏராளம். குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு கூட்டத்தில் புகுந்தது. குறைந்தது 15 பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். இத்தாலியில் இருந்த ஷெல்லிக்குச் செய்தி எட்டியதும் எழுதியது ‘தி மாஸ்க் ஆஃப் அனார்க்கி’. அமைச்சர்களைப் பெயர் சொல்லியே கூப்பிட்டு, கொலைக்கும் மோசடிக்கும் பாசாங்குக்கும் முகமூடி அவர்கள் என்று நடக்கவிட்ட பாட்டு. சிறைக்குப் பயந்து நண்பர் லீ ஹன்ட் அதை அச்சிடவில்லை. ஷெல்லி கடலில் மூழ்கிப் பத்தாண்டு கழித்து, 1832இல்தான் அது வெளியே வந்தது. அதே இலையுதிர் காலத்தில் எழுதியதுதான் மேல்காற்றை நோக்கிப் பாடிய பாட்டும். நம் பாடத்திட்டம் காற்றை வைத்துக்கொண்டு படுகொலையைக் கழித்துவிட்டது. படித்த கனவான்கள் அப்படிச் செய்தார்கள், தொழிலாளிகள் செய்யவில்லை. ஷெல்லியின் ‘குவீன் மாப்’ திருட்டு அச்சில் மலிவு விலையில் ஓடி, வாக்குரிமைக்குப் போராடிய சார்ட்டிஸ்டுகளின் கைப்புத்தகமானது. தப்பியோட்டம் என்று உரக்கக் குரல் கொடுக்கும் நம் தோழர்கள் இந்தத் தொழிலாளிகளைவிடப் பாட்டாளி வர்க்க உணர்வு மிக்கவர்களா?

அந்தக் காற்று எட்டயபுரம் வரை வந்தது. ‘ஷெல்லிதாசன்’ என்று பாரதி புனைபெயர் வைத்துக்கொண்டது பூவுக்காக என்றா நினைக்கிறீர்கள்? பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகச் சிக்கிய நம் பெண்களைப் பற்றி அவர் பாடியதை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் காற்று வருகிறது. அந்த அழுகையைக் கேட்டிருப்பாயே, அதைத் திரும்பச் சொல்லமாட்டாயா என்று காற்றைத்தான் விசாரிக்கிறார். கடலுக்கு அப்பால் துரையின் வேலிக்குள் நடப்பதற்கு வேறு சாட்சி கிடையாது. இந்த மரபில் இயற்கைக்கு உள்ள வேலை இதுதான். கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வது.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய முன்மாதிரி உண்டு. பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் வெண்ணிலவும் இருக்கிறது, குன்றும் இருக்கிறது. அதை இயற்கை வருணனை என்று எந்தத் தமிழாசிரியராவது சொல்வாரா? மூவேந்தர் படை சூழ்ந்து பிடுங்கிக்கொண்ட மலையைப் பற்றிய பாட்டு என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நமக்குத் தெரிந்த இந்த வாசிப்பை ஆங்கிலப் பாட்டு என்றதும் மறந்துவிடுகிறோம்.

வேர்ட்ஸ்வொர்த் பின்னாளில் மாறினாரே என்ற கேள்வி வரும். மாறினார். 1813இல் அரசாங்க முத்திரைத்தாள் விநியோக உத்தியோகம் வாங்கிக்கொண்டார். மரண தண்டனையை ஆதரித்துப் பாட்டுத் தொடர் எழுதினார். 1843இல் அரசவைக் கவிஞரானார். அடுத்த ஆண்டே, தன் ஏரி மாவட்டத்துக்கு ரயில் வரக்கூடாது என்று எழுதினார். ஆலைத் தொழிலாளிகள் கூட்டமாக வந்து இறங்கினால் இயற்கையை ரசிக்க அவர்களுக்குப் பக்குவம் போதாது என்பது அவர் கவலை. வெட்கக்கேடான பேச்சு. ஏற்காட்டை ‘ஏழைகளின் ஊட்டி’ என்று இளப்பமாகச் சொல்கிறவர்களின் குரல் இதில் கேட்கிறது. ஆனால் பாருங்கள், மலையை வாய்பேசாத அழகாக மட்டும் வைத்துக்கொள்ள விரும்பியது உத்தியோகம் வாங்கிய கிழவர்தான். ‘மைக்கேல்’ எழுதிய முப்பது வயதுக்காரர் அல்ல. நம் கைடுகள் கிழவரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இளைஞனின் பாட்டைப் படிக்கின்றன.

சேர்வராயனுக்குக் கிழக்கே சித்தேரி மலை. அதன் அடியில் வாச்சாத்தி. அங்கும் மலையாளிப் பழங்குடிகள்தான். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர்மீது வழக்கு; 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த 215 பேருக்குத் தண்டனை; 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மூன்று துறையும் சீருடையோடு ஏறி வந்த மலை அது. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் நீலமாகத்தான் தெரியும். மலை என்றால் அமைதி என்று எழுதும் கை இங்கே கொஞ்சம் நடுங்க வேண்டாமா?

மலையை அப்படி அமைதி என்று எழுதாதவர் இலங்கை மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் நாடாளுமன்றம் போய், அடுத்த ஆண்டே தன் மக்கள் குடியுரிமை இழந்ததைக் கண்டவர். தாகூரிடம் ஈடுபாடு கொண்டவர். அவருடைய ஆங்கில நெடும்பாட்டு, சக்தீ அ. பாலையா தமிழாக்கத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’. பனியும் விடியலும் கொழுந்தும் நிறைந்த பாட்டு. அத்தனை பனிக்குள்ளும் செடிக்கு அடியில் உரமாகிப்போன கூலிகளின் எலும்பு. ரொமான்டிக் மொழி தமிழனின் மலைக்கு ஏறினால் எப்படி இருக்கும் என்பதற்கு மேடைப் பேச்சாளர் உருக வேண்டியதில்லை. அது எழுதப்பட்டுவிட்டது.

கடைசியாக ஒரு குத்தல் மிச்சம் இருக்கிறது: இத்தனை பாடியும் எந்தச் சட்டம் மாறியது? பிளேக்கின் புகைபோக்கிச் சிறுவர்களையே எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1788இல் சட்டம் வந்தது, யாரும் மதிக்கவில்லை. மறு ஆண்டே பிளேக் அந்தப் பிள்ளைகளைப் பாடினார், 1794இல் இன்னும் கசப்பாக மீண்டும் பாடினார். 1824இல் ஷெஃபீல்டு ஊர்க் கவிஞர் ஜேம்ஸ் மான்ட்கோமரி இந்தக் கொடுமையை ஒழிக்க ஒரு பிரசாரத் தொகுப்பு வெளியிட்டபோது, சார்ல்ஸ் லாம் தேடி எடுத்துக் கொடுத்தது பிளேக்கின் பாட்டை. 1834, 1840, 1864 என்று சட்டத்தின்மேல் சட்டம் வந்தது. இன்னொரு சிறுவன் உள்ளே சிக்கிச் செத்தபின், 1875இல் உரிமம் கட்டாயமாகி அந்த வழக்கம் ஒழிந்தது. 87 ஆண்டுகள். பாட்டு நிறுத்தவில்லை, ஆனால் நிறுத்தப் போராடியவர்கள் கையில் அது துண்டறிக்கையாக இருந்தது. நம் நாட்டில் மலக்குழி வேலைக்கு எதிரான சட்டம் 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. குழிக்குள் செத்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது; 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகையை ஏற்ற வேண்டி வந்தது, சாவு நிற்காததால்.